மரத்துக்கு மட்டும் ஓய்வு

புத்ராஜெயாவின் அமைச்சுக் கட்டடங்கள் எழுந்திருக்கும் மண்ணில் 1990கள் வரை பால்மரங்கள் நின்றன. டெங்கிலை ஒட்டிய பிராங் பெசார் தோட்டம் அது. முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கியது. ரப்பர் ஆராய்ச்சியில் அதற்குத் தனிப் பெயர் உண்டு. கேரளத்திலும் இலங்கையிலும் நட்ட பி.பி. 86 ரகத்தின் ‘பி.பி.’ இந்தத் தோட்டம்தான்.

பால்வெட்டுக்காரரின் நாள் விடியுமுன், பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பில் தொடங்கும். துரையின் கெடுபிடி மட்டும் காரணமல்ல. வெயில் ஏறி இலைகள் நீரை விடத் தொடங்கினால் பட்டைக்குள் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால் இருட்டிலேயே விளக்கோடு நிரைக்குள் இறங்குவார்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும்; கத்தி ஆழப் பட்டால் மரத்துக்குக் காயம். பால் வடியும் மங்கு நிறைகிற இடைவெளியில் பசியாறிவிட்டு, வாளியில் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கணக்கெழுதினால் வெட்டு முடிந்தது. அன்றைய உழைப்பு எவ்வளவு என்பதைத் தராசு சொல்லிவிடும்.

தோட்ட வாழ்க்கைக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்க நான் வரவில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கையில் காசு குறையும். கொசுவும் அட்டையும் லயத்து வீடும் வேறு. ஆனால் நிர்வாகத்துக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது: ஒரே மரத்தைத் தினமும் வெட்டக் கூடாது. பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மிஞ்சினால் பட்டை வறண்டு, சீவினாலும் பால் வராது. எத்தெபான் என்ற ஊக்கி மருந்தைத் தடவினால் பால் கூடும். அளவு தப்பினால் அந்த வறட்சி சீக்கிரமே வரும். மரம் ஓய்ந்த நாளில் வெட்டுக்காரர் அடுத்த நிரைக்குப் போனார்.

அலுவலகங்களில் ஊக்கப் பேச்சாளர்கள் முழங்குவதைக் கேட்டால் எனக்கு எத்தெபான்தான் நினைவுக்கு வருகிறது. வேலைச் சோர்வை 2019இல் வரையறுத்த உலகச் சுகாதார நிறுவனம், அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. அப்படியானால் மருந்தை மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு மட்டும் கொடுத்து என்ன பயன்?

தோட்டம் போனபின் பல குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்தன. இந்த வட்டாரத்தில் இன்று வேலை என்றால் விமான நிலையம், சைபர்ஜெயா, அரசு அலுவலகங்கள். அவற்றில் காவலும் துப்புரவும் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. அங்கே தராசும் இல்லை. எவ்வளவு நன்றாகச் செய்தாலும், ஒப்பந்தம் கைமாறினால் புதிய முதலாளியிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 12 மணி நேர இரவு ஷிஃப்டு முடிந்து வருகிறவரிடம் அதிகாலையில் எழுந்து உடற்பயிற்சி செய்யச் சொல்வது கேலிக்கூத்து.

மலேசிய வேலைச் சட்டத்தில் சில வழிகள் இருக்கின்றன. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணி நேரத்திலிருந்து 45 ஆகக் குறைந்திருக்கிறது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்கலாம்; முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் காட்ட வேண்டும். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குமேல் வேலை வாங்குவதானால் நடுவில் அரைமணி ஓய்வு கட்டாயம். காவல் கூண்டுக்கு மாற்றாள் போடாதவரை அந்த அரைமணி ஏட்டில்தான் கிடக்கும்.