தொலைக்காட்சி சொன்னதும் நாம் சொல்ல வேண்டியதும்

நாம் வாழ வந்த ஜேர்மனியில் யுத்தம் 1945இல் முடிந்தது. 60 இலட்சம் யூத மக்கள் கொல்லப்பட்டதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் பல வீடுகளில் அதைப்பற்றிப் பேச்சே இல்லை.

1979 ஜனவரியில் 'ஹொலோகோஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடர் மேற்கு ஜேர்மன் தொலைக்காட்சியில் 4 பகுதிகளாகக் காட்டப்பட்டது. பெர்லினில் வாழ்ந்த ஒரு யூத வைத்தியர் குடும்பத்தின் கற்பனைக் கதை அது. ஏறக்குறைய 2 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். கொலைக்குற்றவாளிகளை எத்தனை ஆண்டு சென்றாலும் தண்டிக்கலாம் என்று அந்த யூலையில் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அந்த விவாதத்துக்கு இத்தொடரும் வலுச் சேர்த்தது. இலக்கங்கள் அசைக்காத மனங்களை ஒரு குடும்பத்தின் கதை அசைத்தது.

எமது கதையை யார் சொல்வது? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. செய்தி எழுத வேண்டிய இடமே சாம்பலானது.

இங்கே வளரும் எங்கள் பிள்ளைகள் தொலைக்காட்சி காட்டுவதைத்தான் நினைவில் வைப்பார்கள். அது காட்டாததை நாங்கள்தான் கொடுக்க வேண்டும். தொழிற்சாலை வேலை முடிந்து வரும் களைப்பு எமக்கும் தெரியும். என்றாலும் கிழமைக்கு ஒரு பக்கமாவது ஒரு கொப்பியில் எழுதுவோம்: ஊர், திகதி, ஆட்களின் பெயர், கண்டது. பிள்ளை கேட்கும் நாளில் அது வீட்டில் இருக்கட்டும்.