சாதன மரத்தில் மின்னழுத்தச் சீராக்கிகள்

சாதன மரம் (டிவைஸ் ட்ரீ) என்பது உட்பொதி கருவி ஒன்றின் வன்பொருள் அமைப்பை இயங்குதளத்துக்கு விவரிக்கும் தரவுக் கோப்பாகும். சுற்றுப்பலகையின் எந்தப் பாகத்துக்கு எந்தச் சீராக்கி எவ்வளவு மின்னழுத்தம் தரலாம் என்பதும் இதில் எழுதப்படுகிறது. இதில் நேரும் பிழை, மென்பொருளை முடக்குவதோடு நில்லாமல் சில்லையே எரித்துவிடலாம்.

பின்னணி

சாதன மரத்தின் வேர் 1994-ஆம் ஆண்டின் ஓப்பன் ஃபர்ம்வேர் சீர்தரத்தில் (ஐஇஇஇ 1275) உள்ளது. லினக்சு கருனியில் சீராக்கிகளுக்கான கட்டமைப்பு 2008-இல் 2.6.27 பதிப்பில் சேர்ந்தது. சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி செயலி ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைச் சார்ந்தது. அக்கட்டளைத் தொகுதிக்கான உட்பொதி லினக்சும் சாதன மரத்தையே பயன்படுத்துகிறது.

மின்னழுத்த எல்லைகள்

ஒவ்வொரு சீராக்கிக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச மின்னழுத்தங்கள் மைக்ரோவோல்ட்டில் குறிக்கப்படும். 3.3 வோல்ட் என்பது 3300000. இரு மதிப்புகளும் சமமாக இருந்தால் இயக்கிகளால் மின்னழுத்தத்தை மாற்ற இயலாது.

இங்கு எழுத வேண்டியது சீராக்கியின் திறனை அன்று, அதனுடன் இணைந்த பாகம் தாங்கும் அளவை. 0.8 முதல் 3.3 வோல்ட் வரை தரவல்ல சீராக்கியில் 1.8 வோல்ட் நினைவகம் இணைந்திருந்தால், இரு எல்லைகளும் 1800000 எனவே இருக்க வேண்டும்.

எஸ்டி அட்டையின் சமிக்ஞைக் கம்பிகள் இதற்கு விதிவிலக்கு. அவை 3.3 வோல்ட்டில் தொடங்கி, அதிவேக நிலையில் 1.8 வோல்ட்டுக்கு மாறுவதால், எல்லை இரண்டையும் உள்ளடக்க வேண்டும். 3.3 மட்டும் குறித்தால் அட்டை இயங்கும். ஆனால் அதிவேகம் கிட்டாது.

இயக்கமும் நிறுத்தமும்

எந்த இயக்கியும் கோராத சீராக்கியை, துவக்கம் முடிந்து சுமார் 30 நொடிகளில் கருனி அணைத்துவிடும். நன்றாகத் துவங்கிய கருவி அரை நிமிடத்தில் உறைந்தால் முதலில் ஐயுற வேண்டியது இதையே. உரிய பாகத்தின் கணுவில் மின்வழங்கியைக் குறிப்பிடுவதே முறையான தீர்வு. ‘ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன்’ பண்பைச் சேர்த்தாலும் சிக்கல் தீரும். ஆனால் மின்கலச் சேமிப்பு குறையும்.

நிலை மின்னழுத்தச் சீராக்கியை ஜிபிஐஓ முனை வழியே இயக்கும்போது, ‘எனேபிள்-ஆக்டிவ்-ஹை’ பண்பு இல்லையெனில், தாழ்நிலைச் சமிக்ஞையே இயக்கும் என்று கருனி கொள்ளும்.

சரிபார்த்தல்

கருனியின் பிழைத்திருத்தக் கோப்பகத்திலுள்ள ‘ரெகுலேட்டர் சம்மரி’ கோப்பு, ஒவ்வொரு சீராக்கியின் மின்னழுத்தத்தையும் பயனர்களையும் காட்டும். இம்மதிப்பைப் பலகையில் மல்டிமீட்டரால் அளந்து ஒப்பிடுவது நல்லது.