வேலை பூட்ஸ்: பார்த்து வாங்குவதும் காலுக்கு ஏற்பச் செய்துகொள்வதும்

கோலார் தங்கவயலில் சுரங்கங்களை மூடியது 2001 பிப்ரவரி 28 அன்று. ஆனால் இந்த ஊரின் கால்களுக்குப் பூட்ஸ் தேவைப்படுவது நிற்கவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலில் தினமும் ஏறுகிறவர்களில் பலர் கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் போகிறவர்கள். உள்ளூரிலேயே பி.இ.எம்.எல். ஆலை இருக்கிறது, அங்கே மண் அள்ளும் கனரக இயந்திரங்கள் செய்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரு நாளில் எட்டு, பத்து மணி நேரம் காலில் கிடக்கும் பொருள் பூட்ஸ்தான். அப்படிப்பட்ட பொருளைப் பெரும்பாலோர் எண்ணை மட்டும் சொல்லி, பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். என்ன வேலை, எப்படிப்பட்ட கால், அடிப்பாகம் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் கடையில் ஏமாற வேண்டியதில்லை.

தங்கவயலில் பூட்ஸைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக்கூடாத இன்னொரு செய்தி உண்டு. ஜான் டெய்லர் கம்பெனி 1880களில் தோண்டத் தொடங்கிய இந்தச் சுரங்கங்களுக்கு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். செருப்புப் போட்டு நடக்கவே அனுமதிக்காத தெருக்கள் இருந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். சுரங்கத்தில் வெறுங்காலால் வரும் கேடு கல்லும் ஆணியும் மட்டுமல்ல. ஈரமும் சூடும் சேர்ந்த மண்ணில் கொக்கிப்புழு பெருகும். பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். இங்கே மேற்பார்வைக்கு நிறையப் பேர் வந்தது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து. அதே கார்ன்வாலில், டோல்கோத் சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய ரத்தசோகைக்குக் கொக்கிப்புழுதான் காரணம் என்று 1902இல் கண்டறிந்தவர் உடலியல் ஆய்வாளர் ஜே.எஸ். ஹால்டேன். ஆகவே நல்ல பூட்ஸ் என்பது கூலியோடு ஒட்டிய சலுகை அல்ல, உடம்புக்கும் மானத்துக்குமான உரிமை. உலோகச் சுரங்கங்களுக்கான 1961ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதையே சொல்கின்றன: அங்கீகரித்த பாதுகாப்புக் காலணி இல்லாமல் யாரும் சுரங்கத்துக்குள் போகக்கூடாது, அதை நிர்வாகம் தன் செலவில் தர வேண்டும்.

முதலில் வேலை. தலைக்கு மேலே இரும்பு தூக்கும் இடமா, ஆணி சிதறிக் கிடக்கும் கட்டடமா, எண்ணெய் சிந்திய பட்டறைத் தரையா, மின்சார வேலையா? ஒன்றுக்கு ஏற்றது மற்றொன்றுக்கு ஏற்காது. இந்தியாவில் பாதுகாப்புக் காலணிக்கான தரம் ஐ.எஸ். 15298. அதன் 2ஆம் பகுதிப்படி விரலுக்கு மேலே இருக்கும் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் போட்டால் வரும் ஆற்றல் அது. மேலிருந்து நசுக்கும் சோதனையில் 15 கிலோநியூட்டன், அதாவது ஒன்றரை டன் பாரத்தைத் தாங்க வேண்டும். 3ஆம் பகுதிப்படி செய்த காலணியின் கவசம் இதில் பாதி அடியை, 100 ஜூலைத்தான் தாங்கும். 4ஆம் பகுதிக் காலணியில் கவசமே கிடையாது. மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கலாம். அதனால் நாக்குப் பகுதியிலோ பக்கவாட்டிலோ அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

அந்த அச்சில் எஸ்1, எஸ்2, எஸ்3 என்று இருக்கும். எஸ்1 உலர்ந்த இடத்துக்கு. எஸ்2இல் மேல்தோல் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விடாது. எஸ்3 என்றால் அதோடு கூட அடியில் ஆணி ஏறாத தகடும், பிடிப்புக்கான ஆழமான பற்களும் உண்டு. அந்தத் தகட்டை 1,100 நியூட்டன் விசையோடு குத்தினாலும் சோதனை ஆணி ஊடுருவக்கூடாது. கட்டட வேலைக்குப் போகிறவர் எஸ்3க்குக் குறைந்து எதையும் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த ஆணிதான் அங்கே அன்றாட ஆபத்து.

ஆங்கிலத்தில் தனியாக ‘இ’ என்ற எழுத்தைக் கண்டு மின்சாரத்துக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த எழுத்து சொல்வது, குதிகால் பகுதி நடையின் அதிர்ச்சியை உள்வாங்கும் என்பதைத்தான். ‘ஏ’ என்ற எழுத்து, உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை மெல்லத் தரைக்கு இறக்கிவிடும் தன்மையைக் குறிக்கும். அது மின்கசிவிலிருந்து காக்கும் காலணி அல்ல. மின்சார வேலை செய்கிறவருக்கு மின்காப்புக் காலணி என்று தனித் தரம் இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் குழப்பம் உயிரைப் பறிக்கக்கூடியது.

பாதுகாப்புக் காலணிகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2020இல் வெளியிட்டது. முத்திரையோடு உரிம எண்ணும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். கடையிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது தோல். இதில் தங்கவயல்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பங்காரப்பேட்டையில் சென்னை வண்டியில் ஏறினால் குப்பம், ஜோலார்பேட்டை தாண்டி வாணியம்பாடி, ஆம்பூர் வந்துவிடும். நாட்டின் பெரிய தோல் தொழில் வட்டாரங்களில் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலைச் செய்து காட்டிய பிறகு அந்த முறையும் மெல்லப் பரவியது. இரண்டுக்கும் வேலை வேறு. குரோம் தோல் மென்மையானது. ஈரத்தோடு சூடு பட்டாலும் எளிதில் சுருங்காது. அதனால் பூட்ஸின் மேல்பாகத்துக்கு ஏற்றது. பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பானது, வியர்வையை உறிஞ்சும், நாளாக நாளாகக் காலின் வடிவத்துக்குப் படியும். அது உள்ளடிக்கு நல்லது.

தோலின் மேல்பரப்பைச் சீவாமல் அப்படியே விட்டது முழுத்தோல். மயிர்க்கால் துளைகள் தெரியும், அங்கங்கே சின்னத் தழும்புகள் இருக்கும். அவை குறை அல்ல. நார்கள் நெருக்கமாகப் பின்னிய, உறுதியான அடுக்கு உள்ளபடியே இருக்கிறது என்பதற்கு அடையாளம். தழும்பை மறைக்க மேலே தேய்த்து, சொரசொரப்பாக அச்சு அடித்த தோல் அடுத்த நிலை. பாதுகாப்புக் காலணிகளில் அதிகம் வருவது இதுதான்; முரட்டு உபயோகத்துக்குப் போதும். தோலைக் கிடையாகப் பிளந்து, கீழ் அடுக்கின்மேல் பிளாஸ்டிக் பூச்சுப் பூசியது கடைசி நிலை. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறையும். பூச்சுத் தோல் ரப்பர் போலக் குழியும், அல்லது ஒரே கோடாக மடங்கும். சில மாதத்தில் விரிசல் விழப்போவது அந்தக் கோட்டில்தான்.

இனி அடிப்பாகம். பலரும் கவனிக்காத, ஆனால் பூட்ஸின் ஆயுளை முடிவு செய்கிற இடம் இது. இன்று விற்கும் பாதுகாப்புக் காலணிகளில் பெரும்பாலானவற்றில் பாலியூரித்தேனை அச்சுக்குள் ஊற்றி மேல்தோலோடு நேராக ஒட்டவிடுகிறார்கள். எடை குறைவு, விலை குறைவு, நடக்க மெத்தென்று இருக்கும். ஆனால் அடி தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், மாற்ற முடியாது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதையும். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் சிதையும். சில வருடம் கிடங்கில் கிடந்த புத்தம்புது பூட்ஸைப் போட்டு நடந்த முதல் வாரத்திலேயே அடி பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். காலணியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருப்பார்கள். மருந்து வாங்கும்போது தேதி பார்க்கிற மாதிரி இதிலும் பாருங்கள். மலிவு விற்பனையில் கிடைக்கும் பழைய சரக்கைத் தொடாதீர்கள்.

தைத்த அடி வேறு ரகம். மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு தோல்பட்டையோடு சேர்த்துத் தைத்து, பிறகு அந்தப் பட்டையின் விளிம்பில் வெளியடியைத் தைப்பார்கள். சார்லஸ் குட்இயரின் மகன் 1870களில் இதற்கு எந்திரம் கொண்டுவந்ததால் இதற்குக் குட்இயர் வெல்ட் என்று பெயர். அடி தேய்ந்ததும் வெளித்தையலை மட்டும் பிரித்துப் புது அடி வைக்கலாம்; மேல்தோலுக்கு ஒன்றும் ஆகாது. விலை கூடுதல், எடையும் கூடுதல், பழகும்வரை விறைப்பாக இருக்கும். மேற்பார்வை, களஆய்வு, தோட்டவேலை என்று விரல்கவசம் தேவைப்படாத வேலையில் இருப்பவருக்குப் பல வருடக் கணக்கில் பார்த்தால் இதுவே லாபம்.

காலின் அளவுக்கு வருவோம். நம் கடைகளில் உள்ள எண்கள் இங்கிலாந்துக்காரர்களின் காலுக்கு வகுத்தவை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலமானது என்று தெரிந்தது. ‘பா’ என்ற இந்திய அளவு முறைக்கு இந்த ஆய்வுதான் அடிப்படை. முன்பாதம் நெரிகிறதே என்று ஒரு எண் கூட்டி வாங்கி, குதிகால் கழன்று கொப்புளம் போடுவது நம் ஊரில் ஏன் இவ்வளவு சாதாரணம் என்பதற்கு விடை அதில் இருக்கிறது. எண்ணைக் கூட்டுவது தீர்வு அல்ல. அகலம் கூடிய வார்ப்பு உள்ள கம்பெனியைத் தேட வேண்டும்.

மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுதும் நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் தடித்த சாக்ஸையே கொண்டுபோங்கள். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள், பெரிய காலுக்கு எடுங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு படியில் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி கவசத்தில் இடித்தால் அந்தப் பூட்ஸ் வேண்டாம். தோல் விரியும், இரும்புக் கவசம் விரியாது. ‘போடப் போடச் சரியாகிவிடும்’ என்று கடைக்காரர் சொல்வது கவசப் பகுதிக்கு ஒருக்காலும் பொருந்தாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் வந்ததே தெரியாது. போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பதும், கழற்றியதும் பாதத்தைப் பார்ப்பதும் தினசரிப் பழக்கமாக வேண்டும்.

நம் காலுக்கு ஏற்ப மாற்றுவதில் ஒரு எல்லைக்கோடு உண்டு. முத்திரை பெற்ற பூட்ஸை எப்படிச் சோதித்தார்களோ அப்படியே இருந்தால்தான் அந்த முத்திரைக்கு அர்த்தம். கயிற்றை மாற்றலாம். எலும்பு துருத்திய இடத்தில் பக்கவாட்டுத் தோலை மட்டும் கட்டை வைத்து விரிக்கச் சொல்லலாம். உள்ளடி மெத்தையை மாற்றுவதானால் அந்தக் கம்பெனி அனுமதித்த மெத்தையைத்தான் போட வேண்டும். தடித்த மெத்தை போட்டால் விரலுக்கும் கவசத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். நிலைமின்சாரம் இறங்கும் வழியும் அடைபடலாம். அடியில் லாடம் அடிப்பது கூடவே கூடாது. வழுக்கும், தீப்பொறி பறக்கும், மின்சாரமும் கடத்தும்.

கவசம் தேவைப்படாத வேலைக்கு, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பட்டறைகளில் தைக்கிறவர் கிடைத்தால் அளவு கொடுத்துச் செய்துகொள்வதைவிடச் சிறந்தது இல்லை. இரண்டு பாதத்தையும் தாளில் வரைந்து, விரல் மூட்டின் சுற்றளவு, பாதமேட்டின் சுற்றளவு, குதிகாலிலிருந்து மேடுவரையான சுற்று, கணுக்காலின் சுற்று ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். பிறகு கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. நாக்கு இரு பக்கமும் மேல்தோலோடு சேர்த்துத் தைத்திருக்கட்டும். தூசியும் நீரும் புகாது. அழுத்தம் அதிகம் வரும் இடங்களில் இரட்டைத் தையல், கணுக்காலுக்கு மேல் கண்ணிக்குப் பதில் கொக்கி, குதிகாலைத் தாங்கும் விறைப்பான உட்தோல். தைக்கும் தொழிலாளியிடம் அடியை ஒட்டாமல் தைக்கும்படி சொல்லுங்கள், அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவருடைய ஒரு நாள் உழைப்பு அந்தத் தையலில் போகிறது.

பராமரிப்பு எளிது. நனைந்தால் வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைக்காமல் செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் வியர்வை காய ஒரு நாள் வேண்டும். கனமான அடி பட்ட கவசம் வெளியே நசுங்காமல் தெரிந்தாலும் அந்த ஜோடியை மாற்றிவிடுங்கள்.

தங்கவயலிலிருந்து ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பூட்ஸைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை; மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பதைப் போட்டுக்கொள்கிறார்கள். அடுத்த முறை கொடுக்கும்போது உங்கள் அளவைச் சொல்லிக் கேளுங்கள். முத்திரையையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். இரண்டு காலிலும் போட்டு நாலு அடி நடந்து பார்த்த பிறகே வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள்.