கல்லறைகளிலிருந்து வீட்டிற்கு

கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதரை ஊரார் பலமுறை விலங்கிட்டுப் பார்த்தனர் என்கின்றது மாற்கு நற்செய்தி (5:1-20). விலங்குகள் உடைந்தன, துன்பம் நீங்கவில்லை. பேய் பிடித்தலையும் மனநோயையும் ஒன்றெனக் கொள்வது தவறு. ஆயினும் அவ்வூராரின் வழிமுறை இன்றும் எம்மிடையே வாழ்கின்றது. மனம் கலங்கியவரையும் போதைக்கு அடிமையானவரையும் சிறையில் அடைத்துவிட்டால் ஊருக்கு நிம்மதி என எண்ணுகின்றோம்.

அமெரிக்காவின் மியாமி நகரில் 1989ஆம் ஆண்டு, அந்நாட்டின் முதலாவது போதைப்பொருள் சிகிச்சை நீதிமன்றம் தொடங்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் நீதிபதியின் கண்காணிப்பில் சிகிச்சையை நிறைவு செய்தால் வழக்குக் கைவிடப்படும். பின்னர் அங்கு நீதிபதி ஸ்டீவன் லீஃப்மன் முன் ஒரு வழக்கு வந்தது. தம் மகனுக்கு உதவுமாறு பெற்றோர் அவரிடம் மன்றாடினர். மகனோ கடும் மனநோயால் வீடிழந்து திரிந்த ஒரு மனநல வைத்தியர்! அவரைச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிபதிக்கு அதிகாரமில்லை, விடுவிக்கவே நேர்ந்தது. அந்த வேதனையிலிருந்து 2000ஆம் ஆண்டில் ஒரு திட்டம் பிறந்தது. மனநோயாளரை அடையாளங்கண்டு அமைதியாக அணுகப் பொலிஸாருக்கு 40 மணிநேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. சிறுகுற்றங்களுக்காகக் கைதான நோயாளர், தாம் இணங்கினால், சிறையிலிருந்து சிகிச்சை நிலையத்திற்கு மாற்றப்பட்டனர். குற்றத்தால் பாதிக்கப்பட்டோரை மறக்கும் ஏற்பாடன்று இது. நீதிமன்றத்தின் பார்வை நீங்குவதில்லை.

இத்திட்டத்தில் என்னை மிகவும் தொட்டது வேறொன்று. அதே நோயிலிருந்து மீண்டவர்களே புதிதாக வருவோருக்குத் துணையாளராகப் பணிபுரிகின்றனர். வைத்தியர் சொல்லிக் கேளாதவர், தன்னைப்போல் வீழ்ந்து எழுந்தவர் சொன்னால் கேட்பார்.

எம் நாட்டிலும் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானோரைச் சிகிச்சைக்கும் புனர்வாழ்விற்கும் அனுப்ப வழிவகுத்துள்ளது. ஆனால், சிகிச்சை முடித்து வரும் இளைஞனுக்கு எம் பங்குகளில் வேலை தருபவர் யார்? மகனின் நோயை மறைத்து, திருப்பலிக்கும் தனியே வந்து போகும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்களிடம் நலம் விசாரிக்கவும் தயங்குகின்றோம்.

கெரசேனர் பகுதியில், தெளிந்த மனத்தோடு ஆடையணிந்து அமர்ந்திருந்தவரைக் கண்டே ஊரார் அஞ்சினர். இயேசுவைப் போய்விடுமாறு வேண்டினர். சுகம் பெற்றவரோ அவரோடு செல்ல விரும்பினார். இயேசு அவரை அவருடைய வீட்டிற்கே, உறவினரிடமே அனுப்பினார். வீட்டார் எவ்வாறு வரவேற்றனர் என்பதை மாற்கு எழுதவில்லை.