ஒரு சாண் உயரம்

பினாங்கு மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், நிபோங் திபால் வட்டாரத்தில் இருக்கிறது பைராம் தோட்டம். கரும்பு, அதன்பின் ரப்பர், அதற்கும் பின் செம்பனை என்று பயிர்கள் மாறி மாறி ஆண்ட வட்டாரம். இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றின் பின்னால் கையகல இடமாவது இருக்கும். மண்வெட்டி, உரமூட்டை, மருந்தடிக்கும் பம்பு, பிள்ளைகளின் பழைய சைக்கிள், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் அண்டா எல்லாவற்றையும் நனையாமல் வைக்க 8 அடி நீளத்தில், 6 அடி அகலத்தில் ஒரு கொட்டகை போட்டால் போதும். தச்சு வேலை அறியாதவர் கை பழகவும் இதைவிடத் தோதான வேலை கிடையாது. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் வேண்டாத இடத்தில் கவலைப்படுகிறார். பலகை நேராக அறுபடுமா, பொருத்து இடுக்கில்லாமல் உட்காருமா, கதவு இழுக்காமல் சாத்துமா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார். பொருத்து கோணலாக இருந்ததால் விழுந்த கொட்டகை அபூர்வம். இந்த மழை நாட்டில் கொட்டகையின் ஆயுளைத் தீர்மானிப்பவை இரண்டு: மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே விடுகிற ஒரு சாண் இடைவெளி, சுவரைத் தாண்டி நீளுகிற கூரை. இரண்டுக்கும் பெரிய கைத்திறன் வேண்டாம். அதனால்தான் கற்றுக்குட்டியும் துணிந்து இறங்கலாம் என்கிறேன்.

மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும். உலர்ந்த மரத்தின் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருக்கும்வரை அதனால் வேரூன்ற முடியாது. மலேசியாவில் கூரைக்கு அடியில் காற்றாட நிற்கும் மரம் 15 சதவீதத்தை ஒட்டியோ சற்று மேலேயோ தானாக நிலைகொள்ளும். ஆக, நல்ல நிலைக்கும் கெட்ட நிலைக்கும் நடுவே இருப்பது சில சதவீதம்தான். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் பினாங்கில் 2,000-ஐத் தாண்டும். அதுவும் ஒரு பருவத்தோடு நின்றுவிடாமல் ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்யும். மண்ணில் ஊன்றிய மரம் காய்வதற்கு ஓய்வே கிடைப்பதில்லை. போதாக்குறைக்குக் கரையான். மண்ணுக்கடியில் கூடுகட்டும் கரையான் வெளிச்சத்தில் நடமாடாது. மரம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் யார் கண்ணிலும் படாமல் உள்ளே புகுந்து, மேல்தோலை மட்டும் விட்டுவைத்துத் தின்றுவிடும்.

கோலாலம்பூரை அடுத்த கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் இதற்கு நல்ல சாட்சி வைத்திருக்கிறது. இரண்டு அங்குலக் கனமும் இரண்டடி நீளமும் கொண்ட மரக்குச்சிகளை மண்ணில் நட்டு, எது எத்தனை ஆண்டு தாங்குகிறது என்று பார்த்து மரங்களை வகை பிரித்தார்கள். அந்தச் சோதனைக் களத்துக்குக் கல்லறைத் தோட்டம் என்றே பெயர். 10 ஆண்டுக்கு மேல் நின்றால் மிக உறுதியானது. 2 ஆண்டுக்குள் போய்விட்டால் உறுதியற்றது. செங்கால் என்ற காட்டு மரம் முதல் வகை. ரப்பர் மரம் கடைசி வகை. ஆனால் அதே ரப்பர் மரம், 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்தபின் வெட்டப்பட்டு, மருந்தேற்றி உலர்த்தப்பட்டு, 1980களிலிருந்து நாற்காலியாகவும் மேசையாகவும் உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. வீட்டுக்குள் ஈரம் படாமல் அது நெடுங்காலம் உழைக்கிறது. மண்ணில் நட்டால் இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்காது. நிற்கும் இடம் மாறினால் மரத்தின் ஆயுளே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? (இதைப் படித்துவிட்டு ரப்பர் பலகையில் வெளிக் கொட்டகை கட்டிவிடாதீர்கள். அதற்கு ஏற்றும் போரான் மருந்து மழையில் கரைந்து வெளியேறிவிடும்.)

அப்படியானால் செங்கால் மரத்தையே வாங்கி ஊன்றிவிடலாமே என்று கேட்கலாம். பணம் இருப்பவர் வாங்கலாம். ஆனால் அது புதியவரின் கைக்கு அடங்கும் மரம் இல்லை. துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும். ரம்பத்தின் பல்லும் சீக்கிரம் மழுங்கும். காட்டில் ஒரு செங்கால் மரம் முதிர நூறாண்டுக்கு மேல் ஆகிறது. உரமூட்டைக்குக் காவலாக நிறுத்தவா அதை வெட்ட வேண்டும்? மருந்தேற்றிய சாதாரண மரமே இந்த வேலைக்குப் போதும். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து வெளிப்புறத்தில்தான் நன்றாக ஊறியிருக்கும். அறுத்த முனையில் உள்மரம் திறந்துவிடும். மரத்தின் நார்கள் வைக்கோல் கட்டு மாதிரி. பக்கவாட்டில் நுழைவதைவிட அறுத்த முனை வழியாகத் தண்ணீர் பல மடங்கு வேகமாக ஏறும். அறுத்த கையோடு முனைக்கு மருந்து பூசிவிட வேண்டும். துண்டு துணுக்குகளை அடுப்பில் போடவே கூடாது. சில மருந்துகளில் ஆர்சனிக் கலந்திருக்கிறது.

இன்னொரு கேள்வி எல்லாரும் கேட்பது: குழி வெட்டி மரக்காலை நட்டுச் சுற்றிலும் சிமெண்ட் ஊற்றிவிட்டால் என்ன? பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். மரம் காய்ந்து சுருங்கும்போது சிமெண்டுக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடுக்கு விழும். மழைநீர் அதில் இறங்கும். வெளியேற வழி இருக்காது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மரத்தை ஊறப்போட்ட மாதிரிதான். நம் முன்னோர் இதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். செட்டிநாட்டு வீட்டில் பர்மாத் தேக்குத் தூண் கல் பீடத்தின்மேல்தான் நிற்கிறது. மலாய் வீட்டின் தூணும் கல்மேல்தான் உட்காரும். தோட்டத்துப் பழைய தொழிலாளர் லயங்களிலும் பலவற்றின் பலகைத் தரை தூண்மேல் உயர்ந்திருந்தது. மூன்று வேறு கைகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

ஆகவே 8 அடிப் பக்கங்களில் மும்மூன்றாக ஆறு சிமெண்ட் கட்டைகள். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. கட்டையின் தலை மண்ணுக்கு மேல் ஒரு சாண் தெரிய வேண்டும். அந்த ஒரு சாண் இரண்டு வேலை செய்கிறது. தரைக்கு அடியில் காற்று ஓடி மரத்தை உலர்த்துகிறது. கரையானைக் காட்டியும் கொடுக்கிறது. மேலே ஏறக் கரையான் கட்டையின் பக்கவாட்டில் பென்சில் கனத்துக்கு மண்குழாய் கட்டியாக வேண்டும். மாதம் ஒருமுறை குனிந்து பார்த்தால் கண்ணில் பட்டுவிடும். சாமான்களைத் திணித்து அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் கட்டியதே வீண்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. மண்ணில் ஊன்றாத கொட்டகையைக் காற்று தூக்காதா? தூக்கும். மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா காற்றையும், 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை வெள்ளத்தில் மூழ்கடித்து மரங்களைச் சாய்த்த புயல் மழையையும் இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தகரக் கூரை போட்ட லேசான கொட்டகைக்குக் காற்று மேல்நோக்கி இழுக்கும் விசைதான் ஆபத்து. அதனால் சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைப் பதித்து, காய்ந்தபின் மரக்காலை அதில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். கைமரத்தையும் உத்திரத்தோடு அதே மாதிரி பட்டையால் பிணைக்க வேண்டும். ஆணி மட்டும் போதாது. இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மற்றவை எளிது. 6 அடிக்கு 8 அடி என்ற அளவில் ஒரு வசதி இருக்கிறது: மூலைவிட்டம் சரியாக 10 அடி. இரண்டு மூலைவிட்டமும் 10 அடி வந்தால் நான்கு மூலையும் செங்கோணம். மூலைமட்டம்கூட வேண்டாம், ஒரு நாடா போதும். 8 அடிப் பக்கங்களை முன்சுவரும் பின்சுவருமாக வைத்து, பின்சுவரை முன்சுவரைவிட ஒன்றரை அடி தாழ்த்தினால் தண்ணீர் நிற்காமல் ஓடும். முன்னும் பின்னும் ஒன்றரை அடி கூரை நீள வேண்டும். அதற்கு 10 அடித் தகடு தாராளம். நெளிதகட்டில் திருகாணியை நெளியின் முகட்டில், ரப்பர் வளையத்தோடு முடுக்குங்கள். பள்ளத்தில் முடுக்கினால் அங்கேதான் ஒழுகும். சுவர்ப் பலகை ஒவ்வொன்றும் கீழ்ப்பலகைமேல் ஓர் அங்குலம் படியட்டும். அறுப்பு கோணியிருந்தாலும் அந்தப் படிவு மறைத்துவிடும்.

கட்டுமுன் இரண்டு வேலை பாக்கி. 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி ஊராட்சி மன்ற அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பக் கூடாது. சிறு கொட்டகைக்கு என்ன விதி என்று செபராங் பிறை மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நிலம் தோட்டத்துடையது என்றால் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிறகு, பலகைக் கடைக்குக் கிளம்புமுன் அடுத்த பெரிய மழைக்குக் காத்திருங்கள். மழை விட்டதும் கொல்லைப்புறம் போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே வடிகிறது என்று பார்த்து, வடிகிற இடத்தில் நான்கு குச்சி நட்டு வையுங்கள்.