கடல் இல்லாத மண்டலத்துக்கு ஒரு துறைமுகம்
பிரேமர்ஹாஃபென், 1945

தோற்ற ஜெர்மனியை நேச நாடுகள் பங்கிட்டபோது அமெரிக்காவுக்குக் கிடைத்த தெற்குப் பகுதியில் கடலே இல்லை. படைவீரர்களையும் சரக்கையும் எங்கே இறக்குவது? வடக்கே, பிரிட்டிஷ் மண்டலத்துக்கு நடுவில், பிரேமன் நகரும் வேசர் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள இவ்வூரும் அமெரிக்கர் வசம் விடப்பட்டன. பிரிட்டிஷ் படைகள் கைப்பற்றிய இவ்விடங்களை 1945 மே மாதம் அமெரிக்காவின் 29-ஆம் காலாட்படை டிவிஷன் பொறுப்பேற்றது.

அதற்கு முன்பே, 1944 செப்டம்பர் 18 அன்று இரவு நடந்த குண்டுவீச்சில் பிரேமர்ஹாஃபென் நகரின் மையம் எரிந்து சாம்பலாகியிருந்தது. துறைமுகம் பெரும்பாலும் தப்பியது. வீடிழந்த மக்கள் இடிபாடுகளுக்கிடையே ஒண்டியிருக்க, அந்நியப் படையின் கப்பல்கள் ஓயாமல் வந்துபோயின.

1958 அக்டோபர் 1 அன்று ராணுவ உடையில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இங்கு வந்திறங்கிய படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதைவிட முக்கியமான பயணம் 1946 மே மாதத்தில் நடந்தது. நாஜி வதைமுகாம்களில் உயிர்பிழைத்தவர்கள் உட்பட, நாடற்றுப்போன நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு ‘மரீன் ஃபிளாஷர்’ கப்பல் இங்கிருந்து நியூயார்க் புறப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் இன்னும் பல கப்பல்கள் அவ்வழியே சென்றன.

1947-இல் இவ்வூர் பிரேமன் மாநிலத்துடன் இணைந்தது. ஜெர்மனியின் மிகச் சிறிய மாநிலமாக அது இன்றும் தனித்தே இருக்கிறது.