படம் அசையவே இல்லை... அசைவது நம் கண்! - பிரிட்ஜெட் ரைலியின் கறுப்பு வெள்ளை மேஜிக்

`இந்தப் படம் அசைவதுபோலத் தெரிகிறதா? அப்படியென்றால் உங்களுக்கு மன அழுத்தம் அதிகம். சொன்னவர், ஜப்பான் நரம்பியல் நிபுணர்!' இப்படி ஒரு ஃபார்வர்டு உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். எங்கள் குரூப்பில் பெரியப்பா அனுப்பினார். கூடவே, `எல்லோரும் பி.பி செக் பண்ணிக்கோங்க' என்று ஓர் அட்வைஸும்.

பெரியப்பா பயப்படத் தேவையில்லை. அதை வரைந்தவர் யூரி பெரபாடியா என்ற உக்ரைன் ஓவியர். 2016-ல் கம்ப்யூட்டரில் வரைந்தது. மன அழுத்தத்துக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை, ஜப்பான் நிபுணர் கதை கட்டுக்கதை என்று அவரே விளக்கமும் கொடுத்துவிட்டார். ஆனாலும் ஃபார்வர்டு நின்றபாடில்லை.

தான் வரைந்த படம் தன் கையைவிட்டுப் போய் ஊர் சுற்றுவதைப் பார்க்க எப்படி இருக்கும்? வாட்ஸ்அப் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அதை அனுபவித்தவர், இங்கிலாந்து ஓவியர் பிரிட்ஜெட் ரைலி.

1931-ல் லண்டனில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் அவருடைய அப்பா ஜப்பானியர்களிடம் சிக்கி, சயாம் மரண ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்டார். மலேயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்து மடிந்த அதே பாதைதான். அப்பா உயிரோடு திரும்பினார். போர்க்காலம் முழுக்க ரைலி இருந்தது கார்ன்வால் கடற்கரையில். தண்ணீரில் வெளிச்சம் மின்னுவதை வேடிக்கை பார்த்தே வளர்ந்த பெண்.

1961-ல் அவர் வரைந்த `மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்' ஓவியத்தை கூகுளில் தேடிப் பாருங்கள். வெறும் செஸ் போர்டு கட்டங்கள்தான். கட்டங்களின் உயரம் மாறுவதில்லை. அகலம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நூல்போல ஆகி, மறுபடி விரிகிறது. அவ்வளவுதான். ஆனால், நமக்கோ பலகை நடுவில் மடிந்து பள்ளத்துக்குள் விழுவதுபோல இருக்கும்!

காரணம் நம் கண்தான். ஒரே இடத்தை உற்றுப் பார்க்கும்போதும் கண் மிக நுணுக்கமாக அசைந்துகொண்டே இருக்கிறது. சாதாரணக் காட்சிகளில் மூளை அதைக் கண்டுகொள்வதில்லை. நெருக்கமான கறுப்பு வெள்ளைக் கோடுகளிலோ, கண் துளி நகர்ந்தாலும் கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை வந்துவிடுகிறது. மூளை குழம்புகிறது. முக்கியமான விளக்கம் இதுதான் என்றாலும், விஞ்ஞானிகள் இன்னும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். (ஒற்றைத் தலைவலி, வலிப்பு உள்ளவர்கள் இதுபோன்ற படங்களை அதிக நேரம் பார்க்க வேண்டாம்.)

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். குட்டீஸின் கட்டம்போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். 5, 4, 3, 2, 1, 1, 2, 3, 4, 5 கட்ட அகலத்தில் பத்தி பிரித்து, செஸ் போர்டுபோல ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பு அடியுங்கள். எல்லா வரிசைக்கும் ஒரே உயரம் இருக்கட்டும். முடித்ததும் நோட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பாருங்கள்.

1965-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம், `தி ரெஸ்பான்ஸிவ் ஐ' என்ற கண்காட்சியை நடத்தியது. அதற்காகப் போன ரைலிக்குக் காத்திருந்தது அதிர்ச்சி. கடை ஷோகேஸ்களில் அவர் ஓவியங்களின் சாயலில் டிரெஸ்கள்! அவருடைய ஓவியம் ஒன்றை வாங்கியிருந்த ஆடைத் தயாரிப்பாளரே அதைத் துணியில் அச்சடித்திருந்தார். சட்ட உதவி தேடினார் ரைலி. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அவருக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

டிரெஸ் போனால் போகட்டும். ஃபேஷன் அலை அடித்ததும், `இதெல்லாம் கண்கட்டு வித்தை' என்று விமர்சகர்கள் சிலர் ஒதுக்கினார்களே, அதுதான் பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால், ரைலி குறுக்குவழியில் வந்தவர் அல்லர். பிரெஞ்சு ஓவியர் சூரா புள்ளிகளாக வைத்து வரைந்த ஓவியத்தை, 1959-ல் உட்கார்ந்து பிரதியெடுத்து நிறங்களைப் படித்தவர். ஒவ்வோர் ஓவியத்துக்கும் முன்பு காகிதத்தில் பல மாதிரிகள் வரைந்து பார்ப்பார். பெரிய ஓவியங்களை உதவியாளர்கள் பிரஷ் பிடித்துக் கையாலேயே தீட்டுவார்கள்.

1967-ல் வண்ணத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டே வெனிஸ் பினாலேயில் ஓவியத்துக்கான சர்வதேசப் பரிசு. அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

1983-ல் லிவர்பூல் நகரின் ராயல் மருத்துவமனை நடைபாதைச் சுவர்களில், தூரம்வரை நீளும் வண்ணப் பட்டைகளை வடிவமைத்தார். பிறகு, லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையிலும். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது நோயாளியின் கண்ணுக்கு, அந்தப் பட்டைகள் பக்கத்திலேயே கூட வந்துகொண்டிருக்கும்.